ஒன்பது வயதுக்காரியின் பால்பல்

பள்ளிக்கூட வேனை அவரைப் போல மெதுவாக ஓட்டுகிற ஆள் அந்த நகரத்தில் இன்னொருவர் கிடையாது. சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஏறும்போது “மெதுவா”, இறங்கும்போது “மெதுவா”, பெல்ட் போடும்போது “மெதுவாடா, விரலை நசுக்கிக்காதே” என்று நாள் முழுக்க அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருப்பார். பிள்ளைகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ‘மெதுவா மாமா’ என்று வைத்துவிட்டார்கள். பெற்றவர்களும் அப்படியே கூப்பிட, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

வேனில் பதினான்கு பிள்ளைகள். எல்லாரும் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். பாலத்துக்கு அந்தப் பக்கம் லிப்ட் பாதி நாள் ஓடாத எட்டு மாடிக் கட்டடங்களில் குடியிருப்பு. அப்பன் ஒரு பக்கம் வேலைக்கு ஓடுவான், அம்மா ஒரு பக்கம் ஓடுவாள். பிள்ளையை முழுசாக இருபது நிமிஷம் பார்க்கிற பெரிய ஆள் இவர் ஒருவர்தான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைக்கிற மடக்கில் ஓர் அட்டை செருகி வைத்திருப்பார். யாருக்கு மூச்சு இழுக்கும், யாரை ஜன்னலோரம் உட்கார வைக்காவிட்டால் வாந்தி, யாரைச் சித்தி வந்தால் மட்டும் கையில் ஒப்படைக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவர் எழுத்து. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பெருசு இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் பேசுவது தாய்களுக்குப் புரியாது, தாய்கள் பேசுவது பள்ளிக்கூடத்துக்குப் புரியாது. நடுவில் இவர். அந்த ஊர்ப் பேச்சை இவர் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து கற்கவில்லை, இருபத்திரண்டு வருஷம் ரோட்டில் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டார். “கெட்ட வார்த்தையிலேருந்து ஆரம்பிச்சேன், நல்ல வார்த்தைக்கு வர ஆறு மாசம் ஆச்சு” என்பார்.

பதினான்கு பேரில் சிறியவள் ஒருத்தி. அவளைச் ‘சிட்டு’ என்பார். காகிதத்தில் வயது ஒன்பது. ஆனால் வேன் படியில் அவளால் கால் வைத்து ஏற முடியாது. முதலில் முட்டியை வைப்பாள், பிறகு கையை ஊன்றுவாள், பூனைக்குட்டி மாதிரி ஏறி வருவாள். நாலாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். பத்து மணிக்குத் தூங்கிவிடுவாளாம். பென்சிலை முஷ்டியில் பிடிப்பாளாம். பாவாடையை நனைத்துக்கொண்டு, மாற்றுத் துணியோடு திரும்பி வந்த நாளும் உண்டு. கூடப் படிக்கிற பிள்ளைகள் பொம்மையைத் தூக்குகிற மாதிரி தூக்கி விளையாடினார்கள்.

பள்ளி நர்ஸம்மா மூன்று தடவை எடை பார்த்துவிட்டார். ஒன்பது வயதுப் பெண்களுக்கென்று ஒரு வரைபடம் இருக்கிறது, இவள் புள்ளி அந்தக் கோடுகளுக்கெல்லாம் கீழே எங்கேயோ கிடந்தது. “வீட்டில் சாப்பாடு கொடுக்கிறார்களா?” என்று நர்ஸம்மா கேட்டதை அப்படியே தாயிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. “நல்லா சாப்பிடுறாளான்னு கேக்கிறாங்க” என்று மாற்றிச் சொன்னார்.

தாய் துணித் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். கேட்டதும் வெடித்தாள். “காலையில ரெண்டு முட்டை, சாயங்காலம் ரெண்டு முட்டை, படுக்கப்போகும்போது பால். வாயை மூடிக்கிட்டாலும் மூக்கைப் பிடிச்சு ஊட்டுறேன் அண்ணே. இதுக்கு மேல என்ன குடுக்கிறது, என்னையே அறுத்துக் குடுக்கவா?”

பொய் சொல்கிறவள் குரல் அப்படி இருக்காது. ஊட்டியதில் பாதி காலையில் வேனிலேயே வெளியே வரும். இருக்கை உறையைக் கழற்றி எடுக்கிறவர் அவர்தானே, அவருக்குத் தெரியாதா?

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள். கையைப் படம் பிடித்தார்கள். எலும்பு வளர்ச்சி மூன்று வருஷம் பின்தங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பல் விழுந்தது.

பாலத்தைத் தாண்டி வேன் திரும்புகிற இடம். பின்னாலிருந்து ஒரே அலறல். கண்ணாடியில் பார்த்தால் சிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு கத்துகிறாள், விரலிடுக்கில் இரத்தம். ஓரம் கட்டினார். ஓடிப்போய்க் கையை விலக்கிப் பார்த்தால், கீழ்வரிசை முன்பல் ஒன்று உள்ளங்கையில் அரிசி மாதிரி கிடக்கிறது.

“மாமா, நான் உடைஞ்சு போயிட்டேன்!”

“உடையலடி தங்கம். பல்லு விழுந்திருக்கு. இதுக்கு முன்னாடி விழுந்ததில்லையா?”

“இல்ல. இதுதான் ஃபர்ஸ்ட்டு.”

பல்லைக் காகிதத்தில் மடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். இரண்டு பேருக்கும் முதல் பல் விழுந்தது ஆறு வயதில். பிறகு வேன் நடுவில் வந்து நின்றுகொண்டு, “எல்லாரும் ‘ஈ’ காட்டுங்க பார்ப்போம்” என்றார்.

வாந்திக்குத் திட்டுவார், சத்தத்துக்குத் திட்டுவார், பல்லைக் காட்டச் சொன்னது அன்றைக்குத்தான். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பதிமூன்று வாயும் காதுவரை இளித்தன. ஒன்பது வயதுக்காரர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் முன்னால் மேலே கீழே எல்லாம் புதுப்பல், விளிம்பு ரம்பம் மாதிரி, முகத்துக்குப் பொருந்தாத பெரிய பல். ஆறு வயதுக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கீழே ஒரு ஓட்டை.

“என்ன மாமா, பல் டாக்டர் ஆயிட்டீங்களா?” என்றாள் ஒருத்தி.

“வாயை மூடுங்க எல்லாரும். காத்து அடிக்குது” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கைக்கு வந்தார். அன்றைக்கு வேன் வழக்கத்தை விடவும் மெதுவாகப் போனது.

சாயங்காலம் காகிதத்தைத் தாயிடம் நீட்டினார். “முதல் பல்லாம்.”

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “சத்து இல்லாத உடம்பு, எல்லாமே லேட்டா நடக்குது” என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவர் அதோடு விட்டிருப்பார். ஊரான் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லை. ஆனால் அடுத்த வாரம் பையில் ஒரு கடிதம் வந்தது. வாசித்துச் சொல்ல வழக்கம்போல இவரிடம்தான் நீட்டினாள். வேனை அணைத்துவிட்டு வாசித்தார். வரும் வியாழக்கிழமை கூட்டம். பெரிய டீச்சர், நர்ஸம்மா, ஆஸ்பத்திரி டாக்டர் மூவரும் இருப்பார்கள். பிள்ளையை மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான பள்ளிக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு. அது முப்பது கிலோமீட்டர் தள்ளி, வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். அதோடு வளர்ச்சிக்கு ஊசி. தினம் ஒன்று, வருஷக் கணக்கில்.

தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிட்டுவை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் தொழிற்சாலை வாசலுக்குப் போனார். சாப்பாட்டு மணி அடித்திருந்தது. சட்டையெல்லாம் நூல் தும்பு ஒட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

“தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். பிள்ளைக்கு என்ன வயசு?”

“பேப்பர்ல இருக்கிறதுதான்.”

“பேப்பரை நான் கேக்கல. பெத்தவளைக் கேக்கிறேன்.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரோரம் போய்க் குந்தினாள். பிறகு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பதிவு பண்ணும் வரிசையில் நின்றபோது பிள்ளைக்கு நாலு வயது. முன்னால் நின்ற பெண் சொல்லியிருக்கிறாள்: ஏழு வயது ஆகாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க மாட்டார்களாம், சின்னப் பிள்ளை வைத்திருக்கிற பெண்ணுக்கு வேலை அனுமதி கொடுக்க மாட்டார்களாம், முகாமிலேயே கிடக்க வேண்டியதுதானாம். பின்னால் நின்றவளும் ஆமாம் போட்டிருக்கிறாள். இவள் கவுண்டருக்குப் போய் ஏழு என்று சொல்லிவிட்டாள். எழுதினவர் பிள்ளையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்த தேதி சரியாகத் தெரியாது என்றால் எல்லாருக்கும் போடுகிற மாதிரி ஜனவரி ஒன்று என்று போட்டு முத்திரை குத்திவிட்டார். அந்த மாதிரி ஒரு சட்டமே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எல்லாப் பேப்பரிலும் ஏறிவிட்டது.

“நல்லா ஊட்டினா வளர்ந்துடுவா, ரெண்டு மூணு வருஷத்துல அந்த வயசை எட்டிப் பிடிச்சிடுவான்னு நினைச்சேன் அண்ணே. அவளுக்கு ஒரு வருஷம் ஏறினா பேப்பர்லயும் ஒண்ணு ஏறுது. எங்கேருந்து எட்டிப் பிடிக்கிறது?”

அவருக்கு அந்த நாலு முட்டைக்கும் அப்போதுதான் கணக்குப் புரிந்தது.

“போய்ச் சொல்லிடும்மா. நீயாப் போய்ச் சொன்னா திருத்துவாங்க.”

“நல்லா சொன்னீங்க! இவ அப்பா இன்னும் ஊர்லயே உக்காந்திருக்காரு. அவரைக் கூப்பிடுற பேப்பர் இந்த மாசமோ அடுத்த மாசமோன்னு இருக்கு. குடும்பமே பொய் சொல்லுச்சுன்னு மூடிட்டா? எங்களையும் திருப்பி அனுப்பிட்டா?”

“பிள்ளையை அஞ்சு நாள் தனியா விட்டுட்டு, நல்லா இருக்கிற உடம்புல தினம் ஊசி குத்த விடுவியா?”

அவளுக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. “உங்களுக்கென்ன, வாய் வலிக்காம பேசுறீங்க! நீங்களும் அந்த வரிசையில நின்னு வந்தவர்தானே? உங்க தேதி மட்டும் சரியா இருக்கா? சொல்லுங்க பார்ப்போம்!”

சும்மா கோபத்தில் எறிந்த கல்தான். ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள். “என்ன அண்ணே, பேச்சு நின்னு போச்சு?”

மணி அடித்தது. அவள் உள்ளே போனாள். அவர் வேனுக்குத் திரும்பினார்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட்டுநர் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். இவருக்கு முப்பத்தெட்டு. மூன்றைக் குறைத்துச் சொன்னார். இப்போது காகிதத்தில் ஐம்பத்தேழு, உடம்புக்கு அறுபது. பிள்ளைகள் வண்டி ஓட்ட அறுபது வரைக்கும்தான் அனுமதி. அறுபது முடிந்து நாலு மாதம் ஆகிறது. வருஷா வருஷம் கண்ணையும் காதையும் சோதித்து ‘நல்லாயிருக்கு’ என்று சீட்டு வாங்கியிருக்கிறார்தான். என்றாலும் பொய் பொய்தானே.

சனிக்கிழமை காலையில் வேனைக் கழுவும்போது, தன் வயதைத் திருத்தப் போவதாக மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் போர்வை துவைத்து மடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். வேன் உறைகளையும் அவள்தான் தேய்ப்பாள், இவர் தேய்த்தால் அழுக்குச் சிரிக்கும் என்பாள்.

“அறுபது ஆனது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மூணாவது ஆளுக்கு ஏன் சொல்லணும்?”

“நான் முன்னாடி போனாத்தான் அவ வருவா.”

“இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம். அதை விட்டுட்டு வீட்டுல உக்காந்து என் உயிரை வாங்கப் போறீங்களா? அடுப்படியில வந்து நின்னு ‘மெதுவா, மெதுவா’ன்னு எனக்குச் சொல்வீங்க.”

அவர் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். அவள் தேய்த்தாள். அலசினாள். அலசினதையே இன்னொரு தரம் தேய்த்தாள்.

“ஊசி தினமுமா போடுவாங்க?”

“தினமும்.”

“எங்க ஆஸ்பத்திரில ஒரு பிள்ளைக்குப் போடுறாங்க. அது வியாதியுள்ள பிள்ளை.” உறையை முறுக்கிப் பிழிந்து கம்பியில் போட்டாள். “திங்கக்கிழமைக்கு எந்தச் சட்டை? அந்தக் கோடு போட்டது வேண்டாம், அதுல திருடன் மாதிரி இருப்பீங்க.”

அன்று மாலையே தாயிடம் போனார். அவர் தன் வயதுப் பொய்யை இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “திங்கக்கிழமை நான் போறேன். நீயும் வந்து பாரு. எனக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணு” என்றார்.

திங்கட்கிழமை வேனுக்கு முதன்முதலாக மாற்று ஆள். பதிவு அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் நம்பர் ஓடுகிற பலகை. அவருடைய நம்பர் நாற்பத்தொன்று, அவளுடையது நாற்பத்திரண்டு. அவர் பெட்டி அடியிலிருந்து எடுத்த பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கும் பிறந்த தேதிக்கும் அது ஒன்றுதான் அத்தாட்சி.

கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. மொழிபெயர்த்த நகலை வாசித்தார். பிறகு அவரை வாசித்தார்.

“இருபத்திரண்டு வருஷம் சும்மா இருந்துட்டு இப்போ எதுக்கு வந்தீங்க?”

“பின்னாடி ஒருத்தங்க பயந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் முன்னாடி வந்தா வருவாங்கன்னு.”

“இதைத் திருத்தினா நாளையிலேருந்து பிள்ளைகள் வண்டியை ஓட்ட முடியாது. தெரியும்தானே?”

“தெரியும்மா.”

“அப்போ இங்கே கையெழுத்து.”

புளியங்கொட்டை எழுத்தில் போட்டார். அந்த அதிகாரி முத்திரை குத்தி நீட்டிவிட்டு, பொத்தானை அமுக்கினார். பலகையில் நாற்பத்திரண்டு வந்தது.

திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி.

வெளியே ஓடினார். வயதை ஒப்புக்கொண்ட அஞ்சு நிமிஷத்தில் முழங்கால் அறுபதைக் காட்டியது. பஸ் நிறுத்தத்தில் அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்னால முடியல அண்ணே. விட்டுடுங்க.”

அவர் வற்புறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கையிலிருந்த காகிதத்தை நீட்டினார். அவளுக்கு அந்த ஊர் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். வருஷத்தைப் பார்த்தாள். முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நிஜமாவே குடுத்துட்டீங்களா? வேலை?”

“போச்சு.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?”

“உங்க அண்ணியைக் கேளு. அவ உறுதியாச் சொல்லுவா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஒரு பஸ் வந்து நின்று, அவளைப் பார்த்துவிட்டு, போய்விட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உள்ள எத்தனையாவது நம்பர் ஓடுது?” என்றாள்.

நாற்பத்தைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி இருவரையும் பார்த்து, எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். பேச்சு அரை மணி நேரம் நடந்தது. இரண்டு பக்கத்துக்கும் மாற்றிச் சொன்ன இவர் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முன்பு நர்ஸம்மா பேச்சுக்குச் செய்த மாதிரி பூசி மெழுகுவதெல்லாம் இன்றைக்கு இல்லை. தானாக வந்து சொன்னதால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் குடும்பத்துப் பேப்பர் முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், கணவன் வருவது தள்ளிப்போகும். எத்தனை நாள் என்று இப்போது சொல்ல முடியாது. (ஐந்து மாதம் தள்ளிப்போனது. அந்த ஐந்து மாதத்தில் அவள் இவரை ஏசாத நாள் குறைவு. வாங்கிக்கொண்டார்.)

வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் அந்தக் கைப் படத்தையே மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று வருஷம் பின்தங்கிய ஒன்பது வயது எலும்பு என்றவர், “இது சரியான ஆறு வயது எலும்பு” என்றார். நர்ஸம்மா வேறொரு வரைபடம் எடுத்து, ஆறுக்கு நேராகப் புள்ளி வைத்தார். புள்ளி கோடுகளுக்கு நடுவில் போய் ஜம்மென்று உட்கார்ந்தது. நர்ஸம்மா பேனாவை மூடி வைத்தார்.

“நாங்க பேப்பரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்” என்றார் பெரிய டீச்சர். இவர் அதையும் அப்படியே தாயிடம் சொன்னார்.

“இனிமே மூக்கைப் பிடிச்சு ஊட்டாதீங்கன்னு சொல்லுங்க” என்றார் நர்ஸம்மா. “பசிச்சா கேப்பா.”

சிட்டு அடுத்த திங்கட்கிழமை முதல் ஒன்றாம் வகுப்பு. வேனுக்கு ஒரு பெண் ஓட்டுநர் வந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆளுக்கு வயது வரம்பு இல்லை என்று பெரிய டீச்சர் எங்கேயோ தோண்டிக் கண்டுபிடித்தார். இவர் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். முதல் நாள் முழுக்கப் புது ஓட்டுநரின் பிடரியையே முறைத்துக்கொண்டு வந்தார். வேகம் போதவில்லை என்று பிள்ளைகள் அவளிடம் புகார் சொன்னபோதுதான் முகம் தெளிந்தது.

ஆறு வயதுக்காரர்களுக்கு வண்டியில் உயர இருக்கை வைக்க வேண்டும், சட்டம் அது. அவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சிட்டுவின் இடத்தில் மாட்டினார். சிட்டு படியேறி வந்து பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“இது பாப்பா சீட்டு. நான் ஒம்பது.”

“ஆறும்மா. இப்போ ஆறு.”

“நான் ஒம்பது! எல்லாருக்கும் ஒம்பதுன்னுதான் சொல்லியிருக்கேன்!” உதடு பிதுங்கிவிட்டது. மூன்று வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவர் குனிந்தார். “நான்கூட அம்பத்தேழா இருந்தேன். என்னையும் மாத்திட்டாங்க.”

“உங்களுக்கு எத்தனை எடுத்துட்டாங்க?”

“எனக்கு எடுக்கல. மூணு கூடப் போட்டுட்டாங்க.”

சிட்டு யோசித்தாள். சந்தேகமாக அவரை மேலும் கீழும் பார்த்தாள். “என்னோட மூணையா?”

வேனே சிரித்தது. ஓட்டுகிறவள் கண்ணாடியில் பார்த்து, “போகலாமா, இல்ல பஞ்சாயத்து இன்னும் இருக்கா?” என்றாள்.

“எனக்கு நிஜமா எப்போ ஒம்பது வரும்?” என்றாள் சிட்டு.

“நீயே எண்ணிக்கோ.”

அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்து ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொன்றாக மடக்கினாள். மடங்கின மூன்று விரலையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, பெல்ட்டை மாட்டக் கையை விலக்கிக் கொடுத்தாள்.